கழுகுக்குக் கீழே உள்ள சிற்றெழுத்து: அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆள்சேர்ப்புச் சுவரொட்டிகள்

பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் உங்களுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து ஆள்சேர்ப்புச் சுவரொட்டி ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. மேலே சிறகு விரித்த கழுகு, நடுவில் கட்டாய ஆள்சேர்ப்பில் சிக்காமல் தாமாக வந்து சேருங்கள் என்று கொட்டை எழுத்து, காபி நிறத்தில் மொறுமொறுப்பான தாள். விலை 350 டாலர். ‘எங்கள் தாத்தாவின் பெட்டியில் இருந்தது’ என்று விற்பவர் சொன்னாராம். அது அசலா, இவற்றைச் சேகரிக்கத் தொடங்கலாமா, தொடங்கினால் எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்வியை உடனே முடித்துவிடுகிறேன். வாங்காதீர்கள். நேரில் பார்க்காமல் எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். உங்களைக் கவர்ந்த அந்தக் காபி நிறமும் மொறுமொறுப்பும்தான் எனக்கு உறுத்துகின்றன. 1861 முதல் 1865 வரை வடக்கு மாநிலங்களும், அடிமைமுறைக்காகப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களும் மோதிய அந்தப் போரின்போது அமெரிக்க அச்சகங்களுக்கு வந்த தாள் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. பருத்தி, லினன் கந்தல்களை ஊறவைத்து அரைத்துச் செய்த கூழ் அது. மரத்தை அரைத்துச் செய்யும் மலிவுத் தாள் அங்கே பரவியது போர் முடிந்த பிறகுதான். மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பேறி, தாளை அப்பளமாக்கிவிடும். கந்தல் தாளுக்கு அந்த நோய் கிடையாது. 160 ஆண்டுகள் கழித்தும் அது துணி போல வளையும். நிறம் மங்கிப் பாலேடு போல ஆகியிருக்கும், மடிப்புகளில் அழுக்கு ஏறியிருக்கும், எங்காவது ஒரு தண்ணீர்க் கறை இருக்கும், அவ்வளவுதான். பழையது என்றால் பழுப்பு என்பது நம்முடைய பள்ளிக்கூட நோட்டுகளை வைத்து நாம் போடும் கணக்கு. போலி செய்கிறவர்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

விற்றவர் பொய் சொன்னார் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1961 முதல் 1965 வரை அந்தப் போரின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, செயற்கையாகப் பழுப்பேற்றிச் சுருக்கம் கொடுத்த தாளில் பழைய ஆவணங்களையும் சுவரொட்டிகளையும் மறு அச்சிட்டு நினைவுப்பொருள் கடைகளில் விற்றார்கள். அவற்றுக்கே இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. தாத்தாவின் பெட்டி உண்மையாகவே இருக்கலாம். தாத்தா அதை 1963-இல், அந்தப் போரின் புகழ்பெற்ற போர்க்களமான கெட்டிஸ்பர்க்குக்குச் சுற்றுலா போனபோது வாங்கியிருக்கலாம்.

அடுத்த கேள்விகளுக்குப் போகும் முன், இந்தச் சுவரொட்டிகள் யாருடைய வேலை என்று தெரிந்துகொள்ள வேண்டும். இது புரியாமல் வாங்கத் தொடங்கியவர்கள் எல்லாரும் கழுகையும் கொடியையும் பார்த்துப் பணத்தைக் கொடுத்தவர்கள்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

ராணுவ ஆள்சேர்ப்புச் சுவரொட்டி என்றதும் நம் மனத்தில் எழுவது விரலை நீட்டி ‘நீதான் வேண்டும்’ என்னும் அங்கிள் சாம். அது 1917-ஆம் ஆண்டுச் சுவரொட்டி. அரசாங்கம் ஓவியரை அமர்த்தி, ஒரே படத்தை லட்சக்கணக்கில் அச்சிட்டு நாடெங்கும் ஒட்டிய காலம் அது. 1861-இல் நிலைமை வேறு. ஏப்ரல் 12 அன்று தென் கரோலினாவின் சம்டர் கோட்டை மீது குண்டு விழுந்தபோது அமெரிக்க அரசிடம் இருந்த நிரந்தர ராணுவம் ஏறத்தாழ 16,000 பேர். ஏப்ரல் 15 அன்று லிங்கன் 75,000 பேரை மூன்று மாதத்துக்குக் கேட்டார். கேட்டது மாநிலங்களிடம். மாநில ஆளுநர் கர்னல்களை நியமிப்பார். கர்னலுக்குக் கம்பெனி எனப்படும் படைக்குழுக்கள் பத்து வேண்டும். ஒரு கம்பெனிக்கு ஏறத்தாழ நூறு பேர். நூறு பேரைத் திரட்டிக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்குக் கேப்டன் ஆகிவிடுவார். அவர் ஊர் வக்கீலாக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக, தீயணைப்புக் குழுத் தலைவராக இருக்கலாம். துப்பாக்கியைத் தோளில் எப்படி வைப்பது என்று தெரியாதவராகவும் இருக்கலாம். ஆள் சேர்ந்தால் பதவி, சேராவிட்டால் இல்லை.

அந்த மனிதர் நேராகப் போவது உள்ளூர் அச்சகத்துக்கு. ஆக, நம் கையில் வரும் தாள் அரசு அறிவிப்பு அன்று. ஒரு வேட்பாளரின் நோட்டீஸ். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இன்னொரு கம்பெனிக்கு ஆள் பிடித்துக்கொண்டிருப்பார். அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எங்கள் சீருடை நேர்த்தியானது, எங்கள் கர்னல் மெக்சிகோ போரில் இருந்தவர், எங்கள் முகாமில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றெல்லாம் எழுதினார்கள். குதிரைப்படைக்கு ஆள் சேர்த்தவர்கள் காலாட்படையின் நடையைக் கிண்டல் செய்தார்கள். குதிரையை அரசாங்கமே தரும் என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். தெற்கத்திய குதிரைவீரனோ தன் குதிரையைத் தானே கொண்டுவர வேண்டும். கடற்படை நோட்டீஸ்கள் பிடிபடும் கப்பல்களின் பரிசுப் பணத்தில் பங்கு உண்டு என்று ஆசை காட்டின. பெர்டானின் குறிபார்ப்பாளர் படைக்கு நிபந்தனையே விளம்பரம்: 200 கஜத்தில் தொடர்ந்து பத்துக் குண்டுகள் சுட வேண்டும், அவை இலக்கின் மையத்திலிருந்து சராசரியாக 5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பென்சில்வேனியாவில் ‘பக்டெய்ல்ஸ்’ என்ற படைப்பிரிவு இருந்தது. தொப்பியில் மான் வாலைச் செருகிக்கொள்வது அவர்கள் அடையாளம். அயர்லாந்துக்காரர்களுக்கு மேகரின் ஐரிஷ் பிரிகேட் தனியாக அழைப்பு விடுத்தது. ஜெர்மானியர்களுக்கு ஜெர்மன் மொழியிலேயே நோட்டீஸ் போட்டார்கள்.

இந்தத் தாள்களின் அழகு பெரும்பாலும் எழுத்தின் அழகு. நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827-இல் மர எழுத்துகளை இயந்திரத்தால் கடைந்தெடுக்கத் தொடங்கியிருந்தார். ஈயத்தில் அவ்வளவு பெரிய எழுத்து வார்த்தால் கனம் தாங்காது, விலையும் கட்டாது. மேப்பிள் மரத் துண்டில் வெட்டிய எழுத்துகள் வந்த பிறகுதான் ஓர் அடி உயர எழுத்தைச் சிற்றூர் அச்சகமும் அச்சிட முடிந்தது. அச்சுக்கோப்பவர் தன்னிடம் இருக்கும் பெட்டிகளையெல்லாம் திறந்து, ஒரு வரி தடித்த எழுத்து, அடுத்த வரி ஒடுங்கிய எழுத்து, அதற்கடுத்தது நிழல் விழும் எழுத்து என்று அகலத்தை நிரப்பிக்கொண்டே வருவார். கழுகு, கொடி, குதிரைவீரன் ஆகிய படங்களெல்லாம் எழுத்து வார்ப்பகங்களின் விற்பனைப் பட்டியலில் வந்த ஆயத்தக் கட்டைகள். அதே கழுகு போருக்கு முன் தேர்தல் நோட்டீஸிலும் பறந்திருக்கும். அதனால்தான் கழுகுக்காக நான் இப்போது கூடுதல் காசு கொடுப்பதில்லை.

கழுகுக்குக் கீழே இறங்கிச் சிற்றெழுத்தைப் படியுங்கள். பெரும்பாலான சுவரொட்டிகளில் ஆண்டு இருக்காது. அடுத்த வாரம் கிழிந்துபோகும் தாளுக்கு ஆண்டு எதற்கு? ஆனால் இரண்டு விஷயங்கள் பெரும்பாலும் இருக்கும்: எவ்வளவு காலம், எவ்வளவு பணம். இந்த இரண்டும் ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று மாதம் என்றிருந்தால் பெரும்பாலும் 1861 வசந்த காலம். ‘மூன்று ஆண்டு அல்லது போர் முடியும்வரை’ என்பது பரவலான வாசகம்; அது 1861 மே மாதத்திலிருந்து வருகிறது. ஒன்பது மாதம் என்றால் பெரும்பாலும் 1862 ஆகஸ்டில் கேட்ட 3,00,000 மாநிலக் குடிப்படை வீரர்களுக்கான அழைப்பு. நூறு நாள் என்றால் 1864 வசந்தம், கோடை. ஓர் ஆண்டுக்குச் சேரலாம் என்று 1864 ஜூலைக்குப் பிறகு வந்த தாள்களில் பார்க்கலாம். பென்சில்வேனியாவில் 1863 ஜூனில் ‘எதிரி நம் மண்ணில்’ என்று அலறும் தாள்கள் தனி ரகம். தெற்குத் தரப்புத் தளபதி லீயின் படை கெட்டிஸ்பர்க்கை நோக்கி வந்துகொண்டிருந்த வாரங்களில் ஆளுநர் கர்ட்டின் விடுத்த அவசர அழைப்புக்காக அடித்தவை அவை. எழுத்துப் பிழைகூடத் திருத்த நேரம் இருந்திருக்காது. எனக்கு மிகவும் பிடித்த ரகம்.

பணம் இன்னும் துல்லியமாகப் பேசும். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். 1864-இல்தான் 16 ஆனது. தொடக்கத்தில் மத்திய அரசு தந்த ஊக்கத்தொகை 100 டாலர். அதுவும் பணிக்காலம் முடிந்து வெளியே வரும்போது. 1862 கோடையில் அதில் 25 டாலரை முன்பணமாகத் தரத் தொடங்கினார்கள். 1863-இல் மறுபடி சேரும் பழைய வீரர்களுக்கு 402 டாலர், புதியவர்களுக்கு 302 டாலர் என்று தொகை ஏறியது. அந்த ஒற்றைப்படையான 2 டாலர் உங்கள் கண்ணில் பட வேண்டும். ஊக்கத்தொகையோடு, ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான 2 டாலர் சன்மானத்தையும் கூட்டிச் சொன்ன கணக்கு அது. 302-ஐயோ 402-ஐயோ பார்த்தால் அது 1863-க்கு முந்தைய தாளாக இருக்க முடியாது. ‘1861-ஆம் ஆண்டு அசல்’ என்று சீட்டு எழுதி அப்படியொரு தாளை விற்றவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஏமாற்றவில்லை, படிக்கவில்லை.

இந்தக் கணக்கின் உச்சம் நியூயார்க் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) தன்னார்வலர் குழு வெளியிட்ட ஒரு சுவரொட்டி. 30,000 பேர் தேவை என்று தலைப்பு. அதன் கீழே மளிகைக்கடைப் பட்டியல் போல நான்கு வரி: கவுண்டி தருவது ரொக்கமாக 300 டாலர், மாநிலம் 75, மத்திய அரசு புதியவருக்கு 302, பழைய வீரருக்குக் கூடுதலாக 100. கூட்டினால் 777. மாதம் 13 டாலர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஐந்து ஆண்டுச் சம்பளம். நாடு, கொடி, ஒன்றியம் என்ற சொற்களுக்கு இருந்த இடத்தைக் கூட்டல் கணக்கு பிடித்துக்கொண்டுவிட்டது. ‘ரொக்கமாக’ என்ற சொல் கவுண்டியின் தொகைக்கு மட்டும்தான் போடப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மத்திய அரசின் தொகை தவணை தவணையாக வரும். அன்றைக்கு அதைப் படித்த ஆட்கள் இந்த வித்தியாசத்தை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். ரொக்கத்தை வாங்கிக்கொண்டு ஓடி, வேறு ஊரில் வேறு பெயரில் மறுபடி சேர்ந்து மறுபடி வாங்குவது ஒரு தொழிலாகவே ஆனது. பிடிபட்ட ஒருவர் 32 முறை இப்படிச் செய்ததாக ஒப்புக்கொண்டார்.

பணம் இப்படி ஏறியதற்குக் காரணம் கட்டாய ஆள்சேர்ப்பு. 1863 மார்ச் 3 அன்று வந்த சட்டப்படி, குலுக்கலில் பெயர் வந்தால் போக வேண்டும். அல்லது 300 டாலர் கட்ட வேண்டும். அல்லது மாற்றாளை அனுப்ப வேண்டும். ஜூலையில் நியூயார்க்கில் குலுக்கல் தொடங்கியதும் நான்கு நாள் கலவரம். இதிலே வேடிக்கை, அந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 2,07,000 பேரில் 87,000 பேர் பணம் கட்டினார்கள், 74,000 பேர் மாற்றாளை அனுப்பினார்கள், நேராகப் போனவர்கள் 46,000 பேர்தான். சட்டத்தின் உண்மையான வேலை பயமுறுத்துவது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இத்தனை பேர் என்று பங்கு உண்டு. தாமாகச் சேர்ந்தவர்களால் அந்தப் பங்கு நிறைந்துவிட்டால் குலுக்கல் கிடையாது. அதனால் ஊர்க்காரர்களே சந்தா வசூலித்து ஊக்கத்தொகையை ஏற்றினார்கள். நீங்கள் பார்த்த ‘கட்டாயத்தில் சிக்காதீர்கள்’ வாசகத்தின் பின்னணி இதுதான். வாசகம் அசல்தான், தாள்தான் சந்தேகம்.

சிற்றெழுத்து எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு தாளை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். 1863 தொடக்கத்தில் பாஸ்டனில் ஒட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவுக்கு. ராபர்ட் கூல்ட் ஷா தலைமையில் கறுப்பினத்தவரைச் சேர்த்து வடக்கே எழுந்த முதல் படைப்பிரிவுகளில் ஒன்று. தாளில் படம் ஏதும் பெரிதாக இல்லை. கறுப்பின ஆண்களுக்கு என்று விளி, படைப்பிரிவின் எண், பிறகு வாக்குறுதிகள்: பணிக்காலம் முடிவில் 100 டாலர் ஊக்கத்தொகை, மாதம் 13 டாலர் சம்பளம், குடும்பங்களுக்கு மாநில உதவி. கீழே கேம்பிரிட்ஜ் தெருவும் நார்த் ரஸ்ஸல் தெருவும் சந்திக்கும் முனையில் ஆள்சேர்ப்பு அலுவலகம். கடைசி வரியில் காங்கிரஸ் தெருவில் நீராவி அச்சகம் வைத்திருந்த ஜே. இ. ஃபார்வெல் கம்பெனியின் பெயர். மாதம் 13 டாலர் என்று எழுதியிருக்கிறது அல்லவா? கையில் வந்தது அது இல்லை. கறுப்பின வீரர்களுக்கு மாதம் 10 டாலர், அதில் உடைக்கு 3 டாலர் பிடித்தம் என்றது மத்திய அரசு. மீதி 7. படைப்பிரிவு அந்தச் சம்பளத்தை வாங்க மறுத்தது. பற்றாக்குறையை நாங்கள் ஈடுகட்டுகிறோம் என்று மாசசூசெட்ஸ் முன்வந்தபோது அதையும் மறுத்தது. 1863 ஜூலை 18 அன்று தெற்குத் தரப்பின் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது ஷாவும் வீரர்கள் பலரும் இறந்தார்கள். அப்போதும் அவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு சம்பளமே வாங்காமல் போரிட்டார்கள். 1864 ஜூனில்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சம்பளத்தைச் சமமாக்கியது. அந்தத் தாளைப் பார்க்கும்போது என் கண் பெரிய எழுத்துகளுக்குப் போவதில்லை. அந்த 13 என்ற எண்ணில்தான் போய் நிற்கும். ஃபார்வெல் அச்சகத்தில் அதைக் கோத்தவர் பொய் சொல்வதாக நினைத்திருக்க மாட்டார்.

அதே ஆண்டு பிலடெல்பியாவில், அடிமையாகப் பிறந்து அடிமைமுறை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் முதலானோர் கையெழுத்திட்ட ‘நிறமுடைய மக்களே, ஆயுதம் ஏந்துங்கள்’ என்ற சுவரொட்டி வந்தது. அதன் பெரிய பதிப்பு ஏழடிக்கு மேல் உயரம், ஒரு கதவைவிடப் பெரியது. டக்ளஸின் மகன்கள் இருவர் 54-ஆம் பிரிவில் சேர்ந்தவர்கள். செஸ்ட்நட் தெரு 1210-இல் இயங்கிய கறுப்பினப் படைப்பிரிவு ஆள்சேர்ப்பு மேற்பார்வைக் குழு ஒரு வண்ண லித்தோ (கல்லச்சு) படத்தையும் வெளியிட்டது: வில்லியம் பென் முகாமில் கறுப்பின வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள், ‘சகோதரர்களே, வந்து எங்களோடு சேருங்கள்’ என்கிறார்கள். இதன் மூலமான புகைப்படம் ஒன்று உண்டு. அதைப் பிற்காலத்தில் ஒருவர் வெட்டி ஒட்டி, வெள்ளை அதிகாரியை நீக்கி, லூசியானாவின் தெற்குத் தரப்புப் படை என்று பெயரும் போட்டு உலவவிட்டார். கறுப்பினத்தவர் அடிமைமுறையைக் காக்கப் போரிட்டார்கள் என்று காட்டத்தான். காசுக்காக மட்டும் போலி செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

இப்போது போலியைக் கண்டுபிடிப்பது. தாளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது அச்சு. நம் ஊரில் ட்ரெடில் அச்சகத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை விரலால் தடவியிருக்கிறீர்களா? எழுத்து எழும்பி நிற்கும். அதேதான் இங்கேயும். லெட்டர்பிரஸ் என்பது எழுத்தைத் தாளில் அழுத்துவது. ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். அழுத்தம் தெரிய வேண்டும். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். அசல் எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கிக் கோடு கட்டியிருக்கும். பெரிய மர எழுத்துகளின் நடுவே மை சமமாகப் பிடிக்காமல் மர ரேகை ஓடும். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் லென்ஸை உள்ளே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். புள்ளித் திரை வைத்துப் படம் அச்சிடும் முறை 1880-களில்தான் பரவியது. கறுப்பு எழுத்தின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் தூறியிருந்தால் அது இங்க்ஜெட்.

எனக்குக் கிடைத்த பாடம் இங்க்ஜெட்தான். தொடங்கிய முதல் ஆண்டு, 600 டாலருக்கு ஒரு குதிரைப்படை நோட்டீஸ் வாங்கினேன். தாள் நூற்றுக்கு நூறு அசல் கந்தல் தாள். வளைந்தது, நீர்க்குறிகூட இருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தபோதுதான் தெரிந்தது: யாரோ பழைய கணக்குப் பேரேட்டின் எழுதாத பக்கத்தைக் கிழித்து, அதில் புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் தையல் துளைகள் வரிசையாக இருந்தன. சுவரொட்டிக்கு எதற்குத் தையல்? சந்தையிலேயே அதைப் பார்த்தேன். பழமையின் அடையாளம் என்று மகிழ்ச்சி வேறு அடைந்தேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

புற ஊதா விளக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்த இருபதாம் நூற்றாண்டுப் பிற்பகுதித் தாள் அந்த வெளிச்சத்தில் நீலமாகப் பளீரென்று மின்னும். பழைய கந்தல் தாள் மின்னாது. மின்னாததெல்லாம் அசல் இல்லை, மின்னினால் நிச்சயம் புதிது. அவ்வளவுதான் அதன் பயன்.

எந்தக் கருவியையும்விட நல்ல சோதனை கடைசி வரியில் இருக்கிறது. அச்சகத்தின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் அங்கே இருக்கும். பிலடெல்பியாவில் கிங் அண்ட் பேர்ட், நியூயார்க்கில் பேக்கர் அண்ட் காட்வின் போன்றவை நிறைய அடித்தன. அந்தந்த ஆண்டு நகர முகவரிப் புத்தகங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அந்த அச்சகம் அந்த ஆண்டு அந்தத் தெருவில் இருந்ததா என்று பாருங்கள். கேப்டன் பெயரைப் படைப்பிரிவுப் பட்டியலில் தேடுங்கள். பென்சில்வேனியா தன் படைப்பிரிவுகளின் வரலாற்றைப் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே 5 பெரும் தொகுதிகளாக வெளியிட்டது, அதுவும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. சில தாள்களில் இடத்தையும் பெயரையும் காலியாக விட்டு, பிறகு பேனாவால் நிரப்பியிருப்பார்கள். அந்த மை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கியிருக்கும். பெயர் பட்டியலில் கிடைக்கவில்லை என்றால் உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள். நூறு பேர் சேராமல், கேப்டன் ஆகாமல் போனவரும் உண்டு. அவருடைய தோற்றுப்போன நோட்டீஸாக இருக்கலாம். எனக்கு அப்படி ஒன்று கிடைத்தால் தலையை அடகு வைத்தாவது வாங்குவேன்.

மடிப்புகளைக் கண்டு பயப்பட வேண்டாம். சுவரில் ஒட்டிய தாள் மழையில் போய்விட்டது. இன்று நம்மிடம் இருப்பவை ஒட்டாமல் போனவை: அச்சகத்தில் மிஞ்சியவை, கேப்டன் வீட்டுக்கு மடித்துக் கொண்டுபோனவை. நான்காகவோ எட்டாகவோ மடித்த தடம் இருப்பதுதான் இயல்பு. ஓரம் வெட்டப்பட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். முத்திரையைச் சுரண்டி அழித்தது போன்ற தடம் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். நூலகத்திலிருந்து திருடியதாக இருக்கலாம்.

விலை: எழுத்து மட்டும் உள்ள, அதிகம் பேசப்படாத கம்பெனியின் சிறிய நோட்டீஸ் ஆயிரம், இரண்டாயிரம் டாலருக்கு ஏலத்தில் கிடைக்கலாம். பெரிய படம், இரண்டு மூன்று நிறம், புகழ்பெற்ற படைப்பிரிவு என்று சேரச் சேரப் பத்தாயிரத்தைத் தாண்டும். தெற்குத் தரப்புத் தாள்கள் அரிது. அங்கே தாளுக்கே பஞ்சம். மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரம் முற்றுகையிடப்பட்டபோது அங்கே செய்தித்தாளைச் சுவர்க்காகிதத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டார்கள். அதோடு 1862 ஏப்ரல் 16 அன்றே கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். அரிது என்பதாலேயே போலியும் அங்கேதான் அதிகம். அடிமைமுறைக்காக நின்ற தரப்பின் தாளை வீட்டில் வைக்கலாமா என்பது அவரவர் மனசு. ஆவணமாக வைப்பதில் எனக்குத் தடையில்லை, வரவேற்பறையில் மாட்ட மாட்டேன்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் சுவரொட்டியே அன்று. முதலில் 1862-ஆம் ஆண்டு உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றை வாங்குங்கள். இருபது, முப்பது டாலர் ஆகும். உள்ளே ஆள்சேர்ப்பு விளம்பரங்கள் இருக்கும். அந்தக் காலத் தாளை விரல் பழகிக்கொள்ளும், எழுத்தைக் கண் பழகிக்கொள்ளும். பிறகு போர்க்கால அஞ்சல் உறைகள். கொடியும் கழுகும் அச்சிட்ட உறைகள் ஆயிரக்கணக்கான வகைகளில் வந்தன, விலையும் கையைக் கடிக்காது. உங்கள் ஊரிலிருந்து பிலடெல்பியா போனால், பெஞ்சமின் ஃபிராங்ளின் 1731-இல் தொடங்கிய லைப்ரரி கம்பெனியில் அசல் தாள்களைப் பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தின் தொகுப்பு இணையத்திலேயே இருக்கிறது. ஐம்பது அசல்களைப் பார்த்த கண்ணை ஏமாற்றுவது கடினம். அதன் பிறகு நீங்கள் வசிக்கும் கவுண்டியின் தாள்களை மட்டும் தேடுங்கள். தெரு பெயர் தெரிந்த ஊரின் தாளில் நீங்கள் படிக்கும் சிற்றெழுத்து, மற்றவர் படிப்பதைவிட அதிகம் பேசும்.

பாதுகாப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். அமிலமில்லாத அட்டைமேல் வைத்துப் பாலியெஸ்டர் உறையில் போட்டு, படுக்கையாக இழுப்பறையில் வையுங்கள். நிலவறையும் பரணும் வேண்டாம்; ஒன்றில் ஈரம், மற்றதில் வெப்பம். கிழிசல் இருந்தால் ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் வைத்து வேலை செய்யும் காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள். அந்த வேலையைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியும், அதுதான் முக்கியம். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நல்ல நகல் எடுத்து அதை மாட்டுங்கள். வருகிறவர் யாரும் லென்ஸோடு வரப் போவதில்லை.

அந்த 350 டாலர் தாள் இன்னும் மனத்தை உறுத்தினால், அடுத்த ஞாயிறு போய் மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்: கடைசி வரி, பணத்தொகை உள்ள வரி, பிறகு வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பின்பக்கம். கழுகின் படம் வேண்டாம்.